விஞ்ஞானம் கற்பித்தலில் வரலாறும் தத்துவமும்

இந்திய அரசியல் சட்டத்தின் 42-வது திருத்தம் 1976-ஆம் ஆண்டில் குடிமக்களின் அடிப்படைக் கடமைகளைச் சட்டத்தில் சேர்த்தது. விஞ்ஞான மனப்பான்மையையும் மனிதநேயத்தையும், ஆராய்ந்தறியும் உணர்வையும் சீர்திருத்த நோக்கையும் வளர்த்துக்கொள்வது அக்கடமைகளுள் ஒன்றாகும். ஒரு நாட்டின் அடிப்படைச் சட்டம் தன் மக்களின் சிந்தனை முறையைப் பற்றி இவ்வாறு பேசுவது அரிது. இக்கடமையை ஆற்றுவதற்குரிய பயிற்சியைக் குடிமக்கள் எங்கே பெறுகின்றனர் என்ற கேள்வி இதையொட்டி எழுகிறது. மிகப் பெரும்பாலோருக்குப் பள்ளியின் விஞ்ஞான வகுப்பே அப்பயிற்சிக்கான முதலிடம். பத்தாம் வகுப்புடன் படிப்பை நிறுத்திவிடுவோருக்கு அதுவே கடைசி இடமும் ஆகும்.

ஆகவே, அந்த வகுப்பில் என்ன கற்பிக்கப்படுகிறது என்பதைப் போலவே, எவ்வாறு கற்பிக்கப்படுகிறது என்பதும் நாட்டு நலனைச் சார்ந்த பிரச்சினையாகிறது. விஞ்ஞானத்தின் வரலாற்றுக்கும் தத்துவத்திற்கும் விஞ்ஞானப் போதனையில் உரிய இடம் எது என்பதை இந்த நோக்கிலேயே ஆராய வேண்டும்.

முடிவுகளின் தொகுப்பு

வழக்கமான பாடநூல் விஞ்ஞானத்தின் முடிவுகளைத் தொகுத்துத் தருகிறது. பூமி தன் அச்சில் சுழல்கிறது; நீர் இரு தனிமங்களின் கூட்டுப்பொருள்; மலேரியாவைக் கொசு பரப்புகிறது. இவை யாவும் உண்மைகளே. ஆனால் இவை உண்மை என எப்படித் தெரிய வந்தது, இதற்கு முன் அறிஞர்கள் வேறென்ன கருதினர், அக்கருத்து ஏன் கைவிடப்பட்டது என்ற வினாக்களுக்குப் பாடநூலில் இடம் இருப்பதில்லை. தாமஸ் கூன் என்ற அமெரிக்க அறிஞர் 1962-ல் வெளியான தமது நூலில் இதனைச் சுட்டிக்காட்டினார். ஒவ்வொரு பெரும் மாற்றத்திற்குப் பின்னும் பாடநூல்கள் புதிதாக எழுதப்படுகின்றன. அப்போது அம்மாற்றம் நிகழ்ந்த வழியே மறைந்துவிடுகிறது என்பது அவர் கருத்து.

இதனால் ஏற்படும் இழப்பு எளிதில் கண்ணுக்குத் தெரிவதில்லை. கிரகணத்தின்போது உணவு நஞ்சாகிறது என்பதைப் பெரியவர் சொன்னதால் நம்பும் மாணவனும், சந்திரனின் நிழல் பூமியின் மீது விழுகிறது என்பதை நூல் சொன்னதால் நம்பும் மாணவனும் வெவ்வேறு செய்திகளை ஏற்கின்றனர். இருவரும் ஏற்கும் முறை ஒன்றே. இரண்டாமவன் தேர்வில் மதிப்பெண் பெறுவான். எனினும், நாளை வேறொருவர் இன்னும் உரத்த குரலில் வேறொன்றைச் சொன்னால், எதன் அடிப்படையில் அதை ஏற்பது அல்லது மறுப்பது என்பதற்கான கருவி அவனிடம் இல்லை. விஞ்ஞான மனப்பான்மை என்று சட்டம் குறிப்பது இந்தக் கருவியையே ஆகும்.

நாட்டின் கல்விக் கொள்கையை வகுத்தோர் இந்தத் தேவையை உணர்ந்திருந்தனர். 1958 மார்ச் 4-ஆம் நாள் வெளியிடப்பட்ட விஞ்ஞானக் கொள்கைத் தீர்மானம் நாட்டு வளர்ச்சியில் விஞ்ஞானத்தின் பங்கை வரையறுத்தது. 1964-66-ஆம் ஆண்டுகளில் பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழு, பள்ளிக் கல்வியின் முதல் பத்தாண்டுகளில் விஞ்ஞானமும் கணிதமும் அனைவருக்கும் கட்டாயப் பாடங்களாக வேண்டும் எனப் பரிந்துரைத்தது. 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு இன்னும் தெளிவாகப் பேசியது. நல்ல விஞ்ஞானப் பாடத்திட்டம் ஆறு வகைத் தகுதிகளைப் பெற்றிருக்க வேண்டும் என்று கூறி, அவற்றுள் ஒன்றாக வரலாற்றுத் தகுதியையும் அது குறிப்பிட்டது. கருத்துகள் காலப்போக்கில் எவ்வாறு வளர்ந்தன என்பதை மாணவர் உணர வேண்டும் என்பது இதன் பொருள். கொள்கை அளவில் ஏற்கப்பட்ட இது வகுப்பறையில் எவ்வாறு செயற்படும் என்பதை இரண்டு எடுத்துக்காட்டுகளால் காணலாம்.

செகந்தராபாத்தில் ஒரு கண்டுபிடிப்பு

முதல் எடுத்துக்காட்டு மலேரியா. இச்சொல்லுக்கு இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்று பொருள். சதுப்பு நிலங்களிலிருந்து எழும் நச்சுக் காற்றே இக்காய்ச்சலுக்குக் காரணம் என நெடுங்காலம் கருதப்பட்டது. இது அறிவற்ற கருத்தன்று. சதுப்பு நிலங்களுக்கு அருகில் வாழ்ந்தோருக்குக் காய்ச்சல் மிகுதியாக வந்தது. நீர் வடிக்கப்பட்ட இடங்களில் அது குறைந்தது. கவனிப்பு சரியாகவே இருந்தது. அதிலிருந்து பெறப்பட்ட காரணம்தான் தவறு.

1880-ஆம் ஆண்டில் அல்ஜீரியாவில் பணியாற்றிய பிரெஞ்சு இராணுவ மருத்துவர் லவெரான், நோயாளியின் இரத்தத்தில் ஓர் ஒட்டுண்ணியை நுண்நோக்கியின் வழியே கண்டார். அது ஒருவர் உடலிலிருந்து மற்றொருவர் உடலுக்கு எவ்வாறு செல்கிறது என்பது அப்போது தெரியவில்லை. யானைக்கால் நோய்ப் புழு கொசுவின் உடலில் வளர்வதை 1877-ல் சீனாவில் கண்டறிந்திருந்த பேட்ரிக் மேன்சன், மலேரியாவிலும் கொசுவுக்குப் பங்கு இருக்கலாம் எனக் கருதினார். ஆனால் கொசு இரத்தத்தைக் குடித்தபின் நீரில் விழுந்து இறக்கிறது என்றும், அந்த நீரைப் பருகுவோருக்கு நோய் தொற்றுகிறது என்றும் அவர் எண்ணினார்.

இந்தக் கருதுகோளுடன் 1895-ல் இந்தியாவுக்குத் திரும்பினார், அல்மோராவில் பிறந்தவரும் இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்தவருமான ரொனால்டு ராஸ். செகந்தராபாத்தில் கொசுக்கள் இறந்து கிடந்த நீரைச் சிலருக்குக் கொடுத்துச் சோதனை செய்தார். தொடக்கத்தில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டது. கருதுகோள் உறுதியாயிற்று என்றே தோன்றியது. சோதனையைத் தொடர்ந்தபோது அந்த முடிவு நிலைக்கவில்லை. ஆகவே அவர் கொசுவின் உடலுக்குள்ளேயே ஒட்டுண்ணியைத் தேடத் தலைப்பட்டார். நோயாளிகளைக் கடிக்கவிட்ட கொசுக்களை ஒவ்வொன்றாக அறுத்து ஆராய்ந்தும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பயன் கிட்டவில்லை. அவர் ஆராய்ந்த கொசு வகைகள் மனித மலேரியாவைப் பரப்பும் வகையைச் சேர்ந்தவை அல்ல என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

1897 ஆகஸ்டில், இறக்கையில் புள்ளிகளுடைய வேறொரு வகைக் கொசுக்கள் சில கிடைத்தன. உசேன் கான் என்ற நோயாளியை அவை கடிக்கச் செய்யப்பட்டன. ஆகஸ்டு 20-ஆம் நாள் அவற்றுள் ஒன்றின் வயிற்றுச் சுவரில் கருநிறத் துகள்கள் கொண்ட உயிரணுக்களை ராஸ் கண்டார். நோயாளியின் இரத்தத்தில் உள்ள ஒட்டுண்ணியிலும் அதே போன்ற கருநிறத் துகள்கள் இருந்தன. மறுநாள் எஞ்சியிருந்த கொசுவில் அதே உயிரணுக்கள் முன்னிலும் பெரியவையாக இருந்தன. கொசுவின் உடலில் ஏதோ ஒன்று வளர்கிறது என்பதற்கு இது சான்றாயிற்று. இன்று அனாபிலிஸ் என்று அழைக்கப்படும் இனத்தைச் சேர்ந்தவையே அக்கொசுக்கள்.

எனினும் கண்டுபிடிப்பு அத்துடன் முடிந்துவிடவில்லை. ராஸ் இராஜபுதனத்தில் உள்ள கேர்வாராவுக்கு மாற்றப்பட்டார், ஆராய்ச்சி தடைப்பட்டது. 1898-ல் கல்கத்தாவில் ஆராய்ச்சியைத் தொடர வாய்ப்புக் கிடைத்தபோது, பறவைகளைத் தாக்கும் மலேரியாவை அவர் எடுத்துக்கொண்டார். ஒட்டுண்ணி மிகுந்த சிட்டுக்குருவிகளையும், குறைந்த சிட்டுக்குருவிகளையும், அறவே இல்லாதவற்றையும் கொசுக்கள் தனித்தனியே கடிக்கச் செய்தார். முதல் வகைக் கொசுக்களில் கருநிற உயிரணுக்கள் மிகுதியாகவும், இரண்டாம் வகையில் குறைவாகவும் இருந்தன. மூன்றாம் வகையில் ஒன்றுகூட இல்லை. பின்னர் அந்த ஒட்டுண்ணி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பிகளை அடைவதையும், கடியின் வழியே நலமான பறவைகளுக்குப் பரவுவதையும் கண்டார். மனித மலேரியாவிலும் இவ்வாறே நிகழ்கிறது என்பதை அதே ஆண்டின் இறுதியில் இத்தாலியில் கிராஸியும் அவருடைய துணைவர்களும் நிலைநாட்டினர். 1902-ல் ராஸுக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. முன்னுரிமை யாருக்கு என்பது பற்றி அவருக்கும் கிராஸிக்கும் இடையே நெடுநாள் பூசல் நீடித்தது.

வரலாறு தரும் தத்துவப் பாடம்

பாடநூலில் ஒரே வாக்கியமாக உள்ள உண்மை இவ்வாறு விரியும்போது, விஞ்ஞானத்தின் தன்மை பற்றிய பல செய்திகள் வெளிப்படுகின்றன. இவையே விஞ்ஞானத் தத்துவத்தின் அடிப்படைகள். தத்துவம் என்ற சொல்லைக் கேட்டு ஆசிரியர் அஞ்சவேண்டியதில்லை. 'எப்படித் தெரியும்?' என்ற மாணவனின் கேள்விக்குப் பொறுப்புடன் விடை தேடுவதே இங்குத் தத்துவம் எனப்படுகிறது.

முதலாவது, கவனிப்பும் அனுமானமும் வெவ்வேறானவை. சதுப்பு நிலத்திற்கும் காய்ச்சலுக்கும் தொடர்பு உண்டு என்பது கவனிப்பு. காற்றே காரணம் என்பது அனுமானம். முன்னது நிலைத்தது, பின்னது வீழ்ந்தது.

இரண்டாவது, கருதுகோள் இன்றிக் கவனிப்பு நடைபெறுவதில்லை. கொசுவின் வயிற்றில் தேட வேண்டும் என்ற எண்ணம் ராஸுக்கு மேன்சனின் கருத்திலிருந்து வந்தது. அக்கருத்தின் ஒரு பகுதி தவறாக இருந்தும் அது வழிகாட்டியது.

மூன்றாவது, ஒரு சோதனை கருதுகோளுக்குச் சாதகமாக அமைந்ததாலேயே அது மெய்ப்பிக்கப்பட்டதாகாது. நீரைக் குடித்தவருக்குக் காய்ச்சல் வந்தது உண்மை. மலேரியா மிகுந்த ஊரில் அது வேறு வழியாகவும் வந்திருக்கலாம். தவறெனக் காட்டக்கூடிய சோதனைக்கு ஒரு கருத்தை உட்படுத்துவதே விஞ்ஞானத்தின் அடையாளம் என்று கார்ல் பாப்பர் 1934-ல் வெளியான நூலில் வாதிட்டார். அவருடைய வாதத்தைப் பள்ளி மாணவனுக்குப் புரியவைக்க இந்நிகழ்ச்சியே போதும்.

நான்காவது, ஒப்பீடு இன்றிச் சான்று முழுமை பெறாது. ஒட்டுண்ணி இல்லாத சிட்டுக்குருவிகளையும் ராஸ் சோதனையில் சேர்த்தது இதனாலேயே.

ஐந்தாவது, விஞ்ஞானம் ஒருவரது தனிச் செயலன்று. லவெரான், மேன்சன், ராஸ், கிராஸி ஆகியோருடன் உசேன் கானும், கல்கத்தாவில் துணைநின்ற முகமது பக்ஷும் இவ்வரலாற்றில் இடம்பெறுகின்றனர். நோயாளிகளை இத்தகைய சோதனைகளுக்கு உட்படுத்த இன்றைய மருத்துவ நெறி இடந்தராது. மாணவர் இதனையும் அறிந்து விவாதிக்க வேண்டும்.

நிர்வாகத்திற்கும் இப்பாடம் தேவை

இவ்வரலாறு 1898-ல் முடிந்துவிடவில்லை. விடுதலையின்போது இந்தியாவில் ஆண்டுதோறும் சுமார் 7.5 கோடி மக்கள் மலேரியாவால் பாதிக்கப்பட்டனர் என்றும், சுமார் 8 லட்சம் பேர் மாண்டனர் என்றும் மதிப்பிடப்பட்டது. 1953-ல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. வீடுகளின் உட்சுவர்களில் டி.டி.டி. மருந்து தெளிக்கப்பட்டது. இதன் வெற்றியைக் கண்டு 1958-ல் அது ஒழிப்புத் திட்டமாக மாற்றப்பட்டது. 1965-ல் நோயாளிகளின் எண்ணிக்கை சுமார் ஒரு லட்சமாகக் குறைந்தது. மலேரியா மறைந்துவிடும் என்ற நம்பிக்கை எங்கும் நிலவியது.

ஆனால் 1976-ல் 64 லட்சத்திற்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். கொசுக்கள் டி.டி.டி.யைத் தாங்கும் எதிர்ப்புத் திறனைப் பெற்றிருந்தன, சில பகுதிகளில் ஒட்டுண்ணி குளோரோகுயின் மருந்துக்குக் கட்டுப்படவில்லை, மருந்துகள் உரிய காலத்தில் கிடைக்கவில்லை, கண்காணிப்பும் தளர்ந்திருந்தது. 1977-ல் திட்டம் திருத்தி அமைக்கப்பட்டது. பல முறைகளை இடத்திற்கேற்ப இணைத்துச் செயற்படும் அணுகுமுறை படிப்படியாக உருவாகியது. 2030-க்குள் மலேரியாவை நாட்டிலிருந்து நீக்குவது 2016-ல் வகுக்கப்பட்ட தேசியச் செயல்திட்டத்தின் இலக்காகும்.

'டி.டி.டி. கொசுவைக் கொல்லும்' என்பதை மாறாத முடிவாகக் கற்ற சுகாதார அலுவலருக்கு, தெளித்த பின்னும் கொசு சாகவில்லை என்ற செய்தி வரும்போது, தெளித்தவர் கடமை தவறினார் என்று எண்ணவே தோன்றும். சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். எந்தச் சூழ்நிலையில், எந்த வகைக் கொசுவின் மீது, எவ்வாறு சோதிக்கப்பட்டு அம்முடிவு பெறப்பட்டது என்பதையும் கற்றவரோ, சூழ்நிலை மாறியுள்ளதா என்று சோதிக்க முற்படுவார். விஞ்ஞான அறிவு நிபந்தனைகளுடன் கூடியது என்ற தத்துவ உண்மை, களப்பணியில் உயிர்களைக் காக்கும் நடைமுறை அறிவாக மாறுகிறது. உழவு, நீர்ப்பாசனம், மக்கள் நல்வாழ்வு ஆகிய துறைகள் அனைத்திற்கும் இது பொருந்தும்.

ஆரியபட்டரின் கணக்கும் ஒரு கேள்வியும்

இரண்டாவது எடுத்துக்காட்டு பூமியின் சுழற்சி. ஆரியபட்டர் கி.பி. 499-ஐ ஒட்டி இயற்றிய ஆரியபட்டீயத்தில் பூமி சுழல்வதாகக் கூறினார். முன்னோக்கிச் செல்லும் படகில் இருப்பவனுக்குக் கரையில் உள்ள அசையாப் பொருள்கள் பின்னோக்கிச் செல்வதாகத் தோன்றுவதைப் போலவே, அசையாத விண்மீன்கள் மேற்கு நோக்கிச் செல்வதாகத் தோன்றுகின்றன என்று விளக்கினார்.

அவர் தரும் எண்களைக் கொண்டு உயர்நிலைப் பள்ளி மாணவன் ஒரு கணக்கைச் செய்து பார்க்கலாம். 43,20,000 ஆண்டுகள் கொண்ட மகாயுகத்தில் பூமி 158,22,37,500 முறை சுழல்கிறது என்றும், அதே காலத்தில் 157,79,17,500 நாட்கள் கழிகின்றன என்றும் அவர் கணக்கிட்டார். நாட்களின் எண்ணிக்கையைச் சுழற்சிகளின் எண்ணிக்கையால் வகுத்து, 24 மணியால் பெருக்கினால், ஒரு சுழற்சிக்கு 23 மணி 56 நிமிடம் 4.1 விநாடி ஆகிறது. இன்று ஏற்கப்படும் அளவுடன் இது மிக நெருங்கி நிற்கிறது. மேற்கண்ட இரு எண்களுக்கும் உள்ள வேறுபாடு சரியாக 43,20,000 என்பதை மாணவன் கண்டால், சூரியனைச் சார்ந்த நாளுக்கும் விண்மீனைச் சார்ந்த நாளுக்கும் உள்ள வேறுபாட்டை மனப்பாடம் செய்யாமலேயே அறிந்துகொள்வான். ஆண்டுக்கு ஒரு சுழற்சி கூடுதல் என்பதே அதன் பொருள்.

இங்கே ஆசிரியர் ஒரு கேள்வியை எழுப்ப வேண்டும்: இந்தக் கணக்கு பூமி சுழல்வதை மெய்ப்பிக்கிறதா? மெய்ப்பிக்கவில்லை. பூமி நிலையாக நிற்க, விண்மீன்கள் அதனைச் சுற்றிவந்தாலும் இதே எண் கிடைக்கும். ஒரே கவனிப்புக்கு இரு விளக்கங்கள் பொருந்தக்கூடும் என்பதை விளக்க இதைவிட எளிய சான்று தேடவேண்டியதில்லை.

ஆரியபட்டருக்குப் பின் வந்த பேரறிஞர்கள் அவர் கருத்தை ஏற்காததன் காரணமும் இதனால் விளங்கும். பூமி சுழன்றால் கூட்டைவிட்டுப் பறந்த பறவை மீண்டும் கூட்டை எவ்வாறு அடையும் என்று ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் கேட்டார். ஏழாம் நூற்றாண்டில் பிரம்மகுப்தரும் மறுப்புத் தெரிவித்தார். இன்று எட்டாம் வகுப்பு மாணவர் பலர் இதே போன்ற கேள்வியைக் கேட்கக் கூடும். அவ்வாறு கேட்கும் மாணவனை அறிவிலி என்று ஒதுக்காமல், வராகமிகிரருக்கே எழுந்த ஐயம் இது என்று ஆசிரியர் கூறினால், அவனது தன்னம்பிக்கை வளரும். நிலைமம் பற்றிய கருத்து கலிலியோவின் காலத்தில் உருவாகும் வரை அந்த மறுப்புக்கு நிறைவான விடை இல்லை. 1851-ல் பிரெஞ்சு விஞ்ஞானி ஃபூக்கோ நீண்ட ஊசலைத் தொங்கவிட்டு, அதன் ஊசலாட்டத் தளம் மெல்லத் திரும்புவதைக் காட்டினார். விண்ணை நோக்காமல் அறைக்குள்ளேயே பூமியின் சுழற்சியைக் காணும் வழி அது. 2023-ல் திறக்கப்பட்ட புதிய பாராளுமன்றக் கட்டடத்திலும் அத்தகைய ஊசல் ஒன்று அமைக்கப்பட்டுள்ளது.

நிலைமம் என்ற பாடம் இவ்வாறு ஒரு கேள்விக்கு விடையாக வரும்போது மாணவன் மனத்தில் ஊன்றி நிற்கிறது. விதியாக மட்டும் வரும்போது தேர்வுக்குப் பின் மறைகிறது.

செயல்வழிக் கற்றலும் வரலாறும்

விஞ்ஞானத்தை மாணவர்கள் தாமே செய்து கற்க வேண்டும் என்ற நோக்கில் இந்தியாவில் நடைபெற்ற முயற்சிகளுள் ஹோஷங்காபாத் விஞ்ஞானக் கல்வித் திட்டம் முதன்மையானது. கிஷோர் பாரதி, ரசூலியா நண்பர்கள் கிராம மையம் ஆகிய இரு அமைப்புகள் 1972-ல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் இதனைத் தொடங்கின. 1978-ல் அது மாவட்டத்தின் எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் விரிந்தது. 1982-ல் உருவான ஏகலவ்யா நிறுவனம் பின்னர் அதை நடத்தியது. கிராமத்தில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு மாணவர்கள் சோதனை செய்தனர். புத்தகத்தைத் திறந்துவைத்தே தேர்வு எழுதினர். செய்முறைக்கும் மதிப்பெண் உண்டு. மாநில அரசு 2002-ல் இத்திட்டத்தை நிறுத்தியது. ஆயினும் சாதாரண அரசுப் பள்ளிகளில், சாதாரண ஆசிரியர்களைக் கொண்டே இத்தகைய கல்வியை முப்பது ஆண்டுகள் நடத்த முடிந்தது என்பது மறுக்கவியலாத அனுபவமாகும்.

செயல்வழிக் கற்றலுக்கு ஓர் எல்லை உண்டு. பல தலைமுறைகள் முயன்று பெற்ற அறிவை மாணவன் ஒரு பாடவேளையில் தானே கண்டுபிடிக்க இயலாது. மலேரியா ஒட்டுண்ணியைத் தேடிக் கொசுவை அறுக்கும்படி எந்தப் பள்ளியும் சொல்ல முடியாது. கையால் செய்ய முடிந்தவற்றைச் செய்வதும், செய்ய முடியாதவற்றில் முன்னோர் எதிர்கொண்ட சான்றுகளை முன்வைத்து அவற்றை எடைபோடச் செய்வதும் ஒன்றையொன்று நிறைவு செய்யும். சோதனைக்கூடமே இல்லாத பள்ளியிலும் இரண்டாவது வழி திறந்தே உள்ளது. கரும்பலகையும் நல்ல கேள்வியும் இருந்தால் போதும்.

பிறநாடுகளிலும் இத்தகைய முயற்சிகள் நிகழ்ந்துள்ளன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் கோனன்ட், விஞ்ஞானத்தில் தேர்ச்சி பெறாத மாணவர்களுக்கும் புரியும் வகையில் வரலாற்று நிகழ்ச்சிகளைக் கொண்டு பாடம் அமைத்தார். அங்கிருந்தே 1970-ல் வரலாற்றை உள்ளடக்கிய பௌதிகப் பாடத்திட்டம் ஒன்றும் வெளிவந்தது.

மறுப்புகளும் எச்சரிக்கைகளும்

இக்கருத்துக்கு மறுப்புகள் இல்லாமல் இல்லை. பாடச்சுமை ஏற்கெனவே மிகுந்துள்ளது. வரலாறும் சேர்ந்தால் மாணவர் தாங்கார் என்பர் சிலர். வரலாறு தனிப் பாடமாகச் சேர்க்கப்பட்டால் இது உண்மையே. விஞ்ஞானிகளின் பிறந்த ஊரும் ஆண்டும் தேர்வு வினாக்களாக மாறினால், மனப்பாடத்தின் பட்டியல் மட்டுமே நீளும். வரலாறு பாடத்தின் உள்ளேயே, கருத்தை விளக்கும் வழியாக வரவேண்டும். ஓர் ஆண்டில் நான்கு அல்லது ஐந்து கருத்துகளை இவ்வாறு ஆழ்ந்து நடத்தினாலே பயன் விளையும்.

விஞ்ஞானிகளின் தவறுகளையும் பூசல்களையும் அறிந்தால் மாணவருக்கு விஞ்ஞானத்தின் மீது நம்பிக்கை குறையாதா என்பது மற்றொரு மறுப்பு. அமெரிக்க வரலாற்றறிஞர் ஸ்டீபன் பிரஷ் இவ்வினாவை 1974-லேயே எழுப்பி விவாதித்தார். தவறே செய்யாத துறை என்று கற்பிக்கப்பட்டதன் மீதான நம்பிக்கை, முதல் தவறு வெளிப்பட்டவுடன் உடைகிறது. தவறுகளைக் கண்டறிந்து திருத்திக்கொள்ளும் முறை அத்துறைக்கு உண்டு என்று அறிந்தவரது நம்பிக்கை எளிதில் உடையாது.

எச்சரிக்கையாக இருக்கவேண்டிய இடங்களும் உள்ளன. பண்டைய இந்தியாவின் சாதனைகளை ஒருவர் புறக்கணிப்பதும், மற்றொருவர் சான்றின்றிப் பெருக்கிக் கூறுவதும் ஒரே வகைப் பிழையே. ஆரியபட்டர் பூமியின் சுழற்சியைக் கூறினார். கிரகணங்களை நிழலால் விளக்கினார். அதே சமயம் கோள்களின் இயக்கத்தைப் பூமியை மையமாகக் கொண்டே அமைத்தார். மூன்றையும் ஒருங்கே கூறுவதே உண்மை வரலாறு. எந்த நூல், எக்காலத்தது, மூலத்தில் உள்ளது என்ன, பிற்காலத்தில் சேர்ந்தது என்ன என்று கேட்பது வரலாற்றிலும் விஞ்ஞான மனப்பான்மையின் பயிற்சியாகும்.

இதற்கான அறிவுச்செல்வம் நாட்டில் இல்லாமல் இல்லை. ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய இரசாயன அறிஞர் பிரபுல்ல சந்திர ராய், 1902-லும் 1909-லும் இரு பகுதிகளாக இந்திய இரசாயனத்தின் வரலாற்றை மூலச்சுவடிகளைக் கொண்டு எழுதினார். இந்திய விஞ்ஞான வரலாற்றுக்கான ஆராய்ச்சி இதழ் ஒன்று 1966 முதல் வெளிவருகிறது. 1971-ல் போஸ், சென், சுப்பராயப்பா ஆகியோர் பதிப்பித்த இந்திய விஞ்ஞானச் சுருக்க வரலாறு வெளியாயிற்று. இவற்றின் பயன் ஆங்கிலம் அறிந்த ஆராய்ச்சியாளரைக் கடந்து, கிராமப் பள்ளி ஆசிரியரை அடைவதே இனி நடைபெற வேண்டிய பணி.

செய்யத்தக்கவை

இப்பணி பெரும் பொருட்செலவை வேண்டுவதன்று. முதலாவது, ஆசிரியர் பயிற்சியில் ஒவ்வொரு விஞ்ஞான ஆசிரியரும் குறைந்தது இரண்டு கண்டுபிடிப்புகளின் வரலாற்றையாவது முழுமையாகக் கற்று, அதைக் கொண்டு பாடம் நடத்திப் பழக வேண்டும்.

இரண்டாவது, மாநில மொழிகளில் சிறு துணைநூல்கள் வேண்டும். ஒரு கருத்து, அதன் முந்திய நிலை, நடந்த சோதனைகள், எழுந்த மறுப்புகள், கிடைத்த விடை ஆகியவற்றைப் பத்து அல்லது பன்னிரண்டு பக்கங்களில் தரும் நூல்கள் போதுமானவை.

மூன்றாவது, தேர்வு வினாக்கள் மாறவேண்டும். எது கேட்கப்படுகிறதோ அதுவே கற்பிக்கப்படும் என்பது கல்வித் துறையினர் அனைவரும் அறிந்தது. 'மலேரியாவைப் பரப்பும் கொசு எது?' என்று கேட்பதுடன், 'ஒட்டுண்ணி இல்லாத சிட்டுக்குருவிகளை ராஸ் சோதனையில் சேர்க்காமலிருந்தால் அவருடைய முடிவில் என்ன குறை இருந்திருக்கும்?' என்றும் கேட்கலாம். இவ்வினாவுக்கு மனப்பாடத்தால் விடையளிக்க இயலாது.

நான்காவது, அருகிலுள்ள இடங்களைப் பாடத்துடன் இணைக்கலாம். ராஸ் பணியாற்றிய கட்டடம் ஐதராபாத்தின் பேகம்பேட்டில் நினைவிடமாகப் பேணப்படுகிறது. இத்தகைய கட்டடம் இல்லாத ஊரிலும் அணைக்கட்டு, நெல் ஆராய்ச்சி நிலையம், ஆரம்ப சுகாதார நிலையம் ஆகியவற்றுள் ஒன்று இருக்கும். அங்குப் பின்பற்றப்படும் முறை எப்போது வந்தது, முன்பு எது இருந்தது, ஏன் மாற்றப்பட்டது என்று மாணவர் கேட்டறிந்து எழுதினால், அதுவே விஞ்ஞான வரலாற்றில் முதற் பயிற்சியாகும்.

பள்ளியில் படிப்போரில் மிகச் சிலரே விஞ்ஞானிகளாவர். எஞ்சியோர் உழவர்களாகவும், தொழிலாளர்களாகவும், அலுவலர்களாகவும், பெற்றோர்களாகவும் வாழ்வர். தடுப்பூசி போட்டுக்கொள்வதா, புதிய விதையை வாங்குவதா, காதில் விழுந்த செய்தியை நம்புவதா என்று அவர்கள் நாள்தோறும் முடிவு செய்யவேண்டியுள்ளது. பள்ளியில் கற்ற முடிவுகளுள் சில அதற்குள் மாறியிருக்கும். ஆனால் ஒரு கூற்றைக் கேட்டவுடன் இது எப்படித் தெரிய வந்தது, யார் எவ்வாறு சோதித்தனர், மாறான சான்று உண்டா என்று கேட்கும் பழக்கம் வாழ்நாள் முழுவதும் பயன்படும். அப்பழக்கத்தை ஊட்டும் கல்வியே அரசியல் சட்டம் விதித்த கடமையை நிறைவேற்றத் துணைபுரியும். பாடத்திட்டத்தை வகுப்போரும், தேர்வை அமைப்போரும், வகுப்பறையில் நிற்கும் ஆசிரியரும் தத்தம் அளவில் இப்பொறுப்பை ஏற்பது அவசியமாகும்.